சம்பளமில்லாத ஏழாம் எண்: டாக்டர் கிளேர் மொலாயின் ரக்பிக் காலம்

அயர்லாந்து மகளிர் ரக்பி அணியின் கிளேர் மொலாயைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய இன்னொரு வேலையைக் குறிப்பிடாமல் விடுவது அபூர்வம். ஒரு பக்கம் அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர், இன்னொரு பக்கம் தேசிய அணியின் ஏழாம் எண். எப்படித்தான் இரண்டையும் சமாளித்தாரோ என்று வியந்து முடித்துவிடுவார்கள். வியப்பில் தப்பில்லை. ஆனால் அவர் அயர்லாந்துக்கு ஆடத் தொடங்கிய 2009 முதல் ஓய்வுபெற்ற 2021 வரை, அந்நாட்டில் பதினைவர் ரக்பி ஆடுவதற்காக எந்தப் பெண்ணுக்கும் சம்பள ஒப்பந்தம் இருந்ததில்லை. டாக்டர் வேலை அவருக்குப் பெருமை சேர்த்தது சரி, சோறு போட்டதும் அதுதான்.

டாக்டர்கள் ரக்பி ஆடுவது அயர்லாந்துக்குப் புதிதல்ல. 1948இல் ஆண்கள் அணி முதன்முறையாக எல்லா ஆட்டங்களையும் வென்று கிராண்ட் ஸ்லாம் எடுத்தபோது தலைவராக இருந்த கார்ல் முல்லன் பின்னாளில் மகப்பேறு மருத்துவர். அதே அணியின் நட்சத்திரம் ஜாக் கைல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். ஆட்டத்தை விட்டபின் ஜாம்பியாவின் சிங்கோலா நகரில் முப்பது வருடங்களுக்கு மேல் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தார். பக்கத்து வேல்ஸில் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் எலும்பு மருத்துவர். அது அமெச்சூர் காலம். யாருக்குமே சம்பளம் கிடையாது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், திங்கட்கிழமை மருத்துவமனை. எதிரணியும் அப்படியே இருந்ததால் கணக்கு நேராகிவிட்டது.

1995 ஆகஸ்டில் சர்வதேச ரக்பி வாரியம் ஆட்டத்தைத் தொழில்முறையாக்கியது. அதன்பின் ஆண்கள் பக்கம் டாக்டர்கள் கிட்டத்தட்ட மறைந்தே போனார்கள். விதிவிலக்கு வேல்ஸின் ஜேமி ராபர்ட்ஸ். கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டே ஆடினார். ஐந்து வருடப் படிப்பை முடிக்க அவருக்கு எட்டு வருடம் பிடித்தது. 2013இல்தான் பட்டம் வாங்கினார். அத்தனைக்கும் அவர் ரக்பியில் நல்ல சம்பளம் வாங்கிய முழுநேர வீரர்.

மொலாயும் கார்டிஃப்பில்தான் மருத்துவம் படித்தார். ஜேமி ராபர்ட்ஸுக்கு இருந்த சம்பளம் மட்டும் அவருக்கு இல்லை.

ஊர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வே. ரக்பிக்கு முன் அவர் ஆடியது கேலிக் கால்பந்து. கால்வே மாவட்ட அணிக்கே ஆடியிருக்கிறார். அயர்லாந்துப் பெண்கள் ரக்பிக்கு வரும் வழிகளில் இது முக்கியமானது. அங்கே ரக்பி நீண்ட காலம் சில தனியார் ஆண்கள் பள்ளிகளின் ஆட்டமாகவே இருந்தது. ஊர் ஊராகப் பெண் பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருந்தது கேலிக் கால்பந்துதான். உயரப் பந்தைத் தாவிப் பிடிப்பது, கையில் பந்தோடு திசைமாறி ஓடுவது, ஒரு மணி நேரம் களைக்காமல் இருப்பது எல்லாம் அங்கிருந்தே வந்துவிடும். வராதது ஒன்றுதான். மகளிர் கேலிக் கால்பந்து விதிப்படி வேண்டுமென்றே உடம்போடு உடம்பு மோதக் கூடாது. மோதலே ஆட்டமான ரக்பிக்கு வரும்போது அதைப் புதிதாகக் கற்க வேண்டும். அப்படி வந்த ஒருத்தி மோதல் மிக அதிகமான இடத்தில் போய் நின்றாள் என்பதுதான் வேடிக்கை.

அந்த இடம் ஓப்பன்சைடு ஃபிளாங்கர், அதாவது ஏழாம் எண். ரக்பி அதிகம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடலாம். பந்தோடு ஓடுகிறவரை எதிரணி மடக்கி வீழ்த்துகிறது. விழுந்தவர் பந்தை உடனே விட்டாக வேண்டும். அவருடைய ஆட்கள் வந்து பந்தை மூடிக்கொள்வதற்கு இரண்டு மூன்று நொடி ஆகும். அந்த இடைவெளியில் ஏழாம் எண் ஓடிவந்து, காலில் ஊன்றி நின்று, இடுப்பை மடித்துக் குனிந்து, கையைப் பந்தில் வைத்துவிட வேண்டும். முழங்கையோ முழங்காலோ தரையில் பட்டால் தப்பு. தன் எடையைத் தானே தாங்க வேண்டும். அவர் கை பந்தில் இருக்க, விழுந்தவர் பந்தை விடாவிட்டால் பெனால்டி. இதைத் தடுக்க எதிரணியின் கனத்த முன்வரிசை ஆட்கள் முழு வேகத்தில் வந்து, குனிந்திருக்கும் அவரை இடித்துத் தள்ளுவார்கள். கழுத்து, முதுகு, தோள், முழங்கால் என்று அடி எங்கே விழும் என்று சொல்ல முடியாது. கபடியில் பிடிக்கிறவர் ரைடரின் கணுக்காலுக்குப் பாயும் கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் எதிரிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்து மோதுகிறார்கள்.

ரக்பியில் தலைக்காயங்களில் பெரும்பகுதி இப்படி ஆளை மடக்கி வீழ்த்தும் நேரத்தில்தான் ஏற்படுகிறது. மூளை அதிர்ச்சியின் அறிகுறிகளை ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கும் ஒருவர் வார இறுதியில் போய் அதே ஆபத்தில் குனிந்து நிற்பதைப் பார்த்தால் கேள்வி எழாமல் இருக்காது. அயர்லாந்து ரக்பியில் அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவரும் ஒரு டாக்டர்தான். முன்னாள் அயர்லாந்து வீரர் பேரி ஓ'டிரிஸ்கல், மூளை அதிர்ச்சி சந்தேகம் உள்ள ஆட்டக்காரரைக் களத்தோரம் ஐந்து நிமிடம் சோதித்துவிட்டுத் திரும்ப அனுப்பும் முறை ஏற்கத்தக்கதல்ல என்று சொல்லி 2012இல் சர்வதேச வாரியத்தின் மருத்துவக் குழுப் பொறுப்பை விட்டு விலகினார். மொலாய் ஆடியது அந்த விதிகள் மாறிக்கொண்டிருந்த வருடங்களில்.

அயர்லாந்துப் பெண்கள் அணியின் வரலாறே சின்னது. முதல் சர்வதேச ஆட்டம் 1993 பிப்ரவரி 14 அன்று எடின்பரோவில், ஸ்காட்லாந்துக்கு எதிராக. 10-0 என்று தோல்வி. அடுத்த பதினைந்து இருபது வருடங்கள் பெரும்பாலும் அடிவாங்கிய காலம். மொலாய் சேர்ந்த அடுத்த வருடம் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில் ஏழாவது இடம். அதற்குப் பிறகுதான் காற்று திசை மாறியது.

ஐரோப்பிய அணிகள் ஆறு ஆண்டுதோறும் மோதும் ஆறு நாடுகள் போட்டியில், 2013இல், டப்ளினுக்கு வெளியே ஆஷ்பர்னில் இங்கிலாந்தை 25-0 என்று வென்றார்கள். இங்கிலாந்து ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வருடக்கணக்கில் அந்தப் போட்டியைத் தன் கைக்குள் வைத்திருந்த அணி அது. ஸ்காட்லாந்து, பிரான்ஸ் இரண்டும் அப்புறம் விழுந்தன. கடைசி ஆட்டம் மார்ச் 17, அயர்லாந்தின் தேசியத் திருநாளான புனித பேட்ரிக் நாளில், மிலான் அருகே. சேறும் சகதியுமான தரை. பந்தைப் பின்வரிசைக்குக் கடத்தி ஓடவே முடியாத நிலை. டிரை, அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது, ஒன்றுகூட விழாமல், இரண்டு பெனால்டிக்கு ஒரு பெனால்டி என்று 6-3இல் முடிந்தது. இந்த மாதிரி ஆட்டத்தில் ஏழாம் எண்ணுக்குத்தான் வேலை அதிகம். எண்பது நிமிடமும் பந்து தரையிலேயே கிடக்கும். அயர்லாந்துப் பெண்களின் முதல் ஆறு நாடுகள் பட்டம் அது, கூடவே முதல் கிராண்ட் ஸ்லாமும்.

அடுத்த வருடம் நடந்தது அதைவிடப் பெரிது. 2014 ஆகஸ்ட் 5, பாரிசுக்குத் தெற்கே மார்கூசி, பிரெஞ்சு ரக்பியின் பயிற்சி மையம். எதிரில் நியூசிலாந்து. தொடர்ந்து நான்கு உலகக் கோப்பைகளை வென்றவர்கள்; 1991க்குப் பிறகு உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காதவர்கள். ஹெதர் ஓ'பிரையன் ஒரு டிரை போட்டார். இரண்டாம் பாதியில், எதிரணி உதைத்த பந்தைத் தன் எல்லைக்குள் பிடித்த நீவ் பிரிக்ஸ் திருப்பி உதைக்காமல் ஓடத் தொடங்கினார். தடுப்பைக் கிழித்துக்கொண்டு போய், ஓரத்தில் வந்த அலிசன் மில்லருக்குக் கொடுக்க, மில்லர் மூலையில் பாய்ந்தார். டிரைக்குப் பின் கம்பங்களுக்கு நடுவே உதைக்கக் கிடைக்கும் கன்வர்ஷனையும் ஓரக்கோட்டருகிலிருந்து பிரிக்ஸே உதைத்து உள்ளே அனுப்பினார். அப்புறம் ஒரு பெனால்டி. 17-14.

அதுவரை அயர்லாந்தின் எந்த மூத்த தேசிய ரக்பி அணியும் நியூசிலாந்தை வென்றதில்லை. ஆண்கள் அணிக்கு அது 2016 நவம்பரில் சிகாகோவில்தான் கைகூடியது, அதுவும் 111 வருடக் காத்திருப்புக்குப் பிறகு. பெண்கள் இரண்டு வருடம் முந்திக்கொண்டார்கள்.

அன்று மார்கூசியில் ஆடியவர்களின் வேலைகளைப் பாருங்கள். தலைவர் ஃபியோனா கோக்லன் பள்ளி ஆசிரியை. நீவ் பிரிக்ஸ் போலீஸ். நடுவரிசையில் லின் கான்ட்வெல் பிசியோதெரபிஸ்ட். பத்திரிகைகளுக்கு இது இனிப்பான செய்தி. சாதாரண வேலைக்காரர்கள் உலக சாம்பியனைச் சாய்த்தார்கள் என்று எழுதிவிடலாம். என் பார்வையில் இந்த வெற்றி அயர்லாந்து ரக்பி சங்கத்துக்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தது. செலவில்லாமலே உலகத் தரம் கிடைக்கிறதே, பிறகு ஏன் செலவழிக்க வேண்டும் என்று சொல்லாமல் சொல்லிவிட்டது. அந்தப் போட்டியில் அயர்லாந்து அரையிறுதியில் இங்கிலாந்திடம் 40-7 என்று தோற்றது. உலகக் கோப்பையை வென்ற கையோடு இங்கிலாந்து சங்கம் தன் பெண்களில் இருபது பேருக்கு ஒப்பந்தம் கொடுத்தது. நடுவில் அது தடுமாறினாலும், 2019 ஜனவரியில் 28 பேருக்கு முழுநேரச் சம்பளம். அயர்லாந்து அணி 2015இல் இன்னொரு ஆறு நாடுகள் பட்டம் எடுத்தது; வேலையும் ஆட்டமும் பழையபடியே ஓடின.

அந்த ஓட்டம் ஒரு இளம் டாக்டருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க, நாட்காட்டியை எடுத்து வைத்தாலே போதும். ஆறு நாடுகள் போட்டி அப்போது பிப்ரவரி, மார்ச் வார இறுதிகளில். அவர் வேலை பார்த்த பிரிட்டனில் அதுதான் ஆஸ்பத்திரிகள் பிதுங்கி வழியும் காலம். காய்ச்சல், மூச்சுத்திணறல், பனியில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்த முதியவர்கள் என்று குளிர்காலக் கூட்டம் அவசரப் பிரிவு வாசலில் நிற்கும். விடுப்பு கேட்கவே தயங்க வேண்டிய மாதங்கள். ஷிப்ட் அட்டவணை மாதக்கணக்கில் முன்னதாகவே போடப்பட்டிருக்கும். அணித் தேர்வோ ஆட்டத்துக்குச் சில நாள் முன்புதான். வேண்டிய நாளில் போக, இன்னொரு டாக்டரின் இரவு ஷிப்டை வாங்கிக்கொண்டு தன் ஷிப்டைக் கொடுக்க வேண்டும். அப்படி வாங்கிய கடனை அடுத்த வாரம் தீர்க்க வேண்டும்.

தூரமும் ஒரு பிரச்சினை. வசிப்பது வேல்ஸின் கார்டிஃப்பில், கிளப் ஆட்டம் செவர்ன் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், தேசிய அணிப் பயிற்சி கடல் தாண்டி அயர்லாந்தில். தசை வளர்வதும் காயம் ஆறுவதும் தூக்கத்தில்தான் என்று எல்லா உடற்பயிற்சி வல்லுநர்களும் சொல்வார்கள். தொழில்முறை அணிகள் வீரர்களின் தூக்கத்தைக்கூட அளக்கின்றன. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் அளப்பதற்கு என்ன இருக்கிறது?

2017இல் உலகக் கோப்பை அயர்லாந்துக்கே வந்தது. குழு ஆட்டங்கள் டப்ளின் யூசிடி பல்கலைக்கழக வளாகத்தில், முடிவுக் கட்டம் பெல்ஃபாஸ்டில். தலைவராக இருக்க வேண்டிய நீவ் பிரிக்ஸ் குதிகால் தசைநாண் காயத்தால் விலக, பொறுப்பு மொலாயிடம் வந்தது. சொந்த ஊர்க் கூட்டம், நேரடி ஒளிபரப்பு, அரையிறுதி நிச்சயம் என்ற பேச்சு. ஆஸ்திரேலியாவை 19-17 என்று மயிரிழையில் வென்றார்கள். ஜப்பானிடம் பாதி ஆட்டத்தில் 14-0 பின்தங்கி, அப்புறம் எழுந்து 24-14 என்று முடித்தார்கள். பிரான்சிடம் 21-5 தோல்வி. அதோடு கோப்பைக் கனவு போயிற்று.

இதற்குப் பின் நடந்ததை அப்போது பலர் கவனிக்கவில்லை. ஐந்து முதல் எட்டு வரையான இடங்களுக்கான ஆட்டங்கள், மனசு உடைந்த அணிகள் ஆடும் ஆட்டங்கள். ஆஸ்திரேலியாவிடம் 36-24, கடைசியில் ஏழாம் இடத்துக்காக வேல்ஸிடம் 27-17 என்று இரண்டிலும் தோல்வி. எட்டாவது இடம். அடுத்த உலகக் கோப்பைக்கு நேரடித் தகுதி முதல் ஏழு அணிகளுக்குத்தான்! யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த வேல்ஸ் ஆட்டம் அயர்லாந்தைத் தகுதிச்சுற்றுக்குத் தள்ளிவிட்டது. தலைவர் என்ற முறையில் எட்டாவது இடம் மொலாயின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நியாயமாகப் பார்த்தால் அது ஒரு தலைவரின் கணக்கில் எழுத வேண்டியதல்ல.

ஏனென்றால் அந்த வருடக் கடைசியில் சங்கம் செய்ததைப் பாருங்கள். புதிய தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு விளம்பரம் வந்தது: பகுதிநேரம், ஆறு மாத ஒப்பந்தம். அதுவரை முழுநேரப் பயிற்சியாளர் இருந்த அணிக்கு! வீராங்கனைகள் பொறுக்கவில்லை. 'மரபு?' (#Legacy?) என்று கேட்கும் கைப்பட்டை கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். பத்திரிகைகள் எழுதின. பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை.

கோவிட் காலத்தில் மொலாய் மருத்துவப் பணியை முன்னிட்டுச் சர்வதேச ஆட்டத்திலிருந்து சில காலம் ஒதுங்கி நின்றார். அந்த மாதங்களில் ஒரு அவசரப் பிரிவு டாக்டருக்கு வேறு வழி இருந்திருக்காது. திரும்பி வந்தார். 2021இல் ஓய்வை அறிவித்தபோது எழுபதுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்கள், ஆடிய மூன்று உலகக் கோப்பைப் போட்டிகள், இரண்டு ஆறு நாடுகள் பட்டங்கள் அவர் கணக்கில் இருந்தன. எழுபது என்பது பெண்கள் ரக்பியில் மிகப் பெரிய எண். ஆண்கள் அணி வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சர்வதேச ஆட்டங்கள் ஆடும். பெண்களுக்கு அவர் காலத்தில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

அதே 2021 செப்டம்பரில், இத்தாலியின் பார்மா நகரில், 2017இன் கடன் வசூலானது. தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் ஸ்பெயினிடம் 8-7 என்று ஒரு புள்ளியில் தோல்வி. இத்தாலியை 15-7 என்று வென்று மூச்சுவிட்டார்கள். ஸ்காட்லாந்துக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் 18-13 என்று முன்னிலையில் இருந்தார்கள். நேரம் முடிந்தபின் தொடர்ந்த ஆட்டத்தில் ஸ்காட்லாந்து டிரை போட்டு 18-18. அதைத் தொடர்ந்த கன்வர்ஷனும் கம்பங்களுக்கு நடுவே போய் 20-18. உலகக் கோப்பைக்கே போக முடியவில்லை. நியூசிலாந்தை வென்று ஏழே வருடம்.

டிசம்பரில் இந்நாள், முன்னாள் வீராங்கனைகள் 62 பேர் கையெழுத்திட்ட கடிதம் அயர்லாந்து அரசுக்குப் போனது. சங்கத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது, அரசு தலையிட வேண்டும் என்பது சாரம். சங்கம் முதலில் மறுத்துப் பேசியது. பிறகு ஆய்வுகள் வந்தன, பரிந்துரைகள் வந்தன. 2022இல் ஒருவழியாக முழுநேர ஒப்பந்தம் வந்தது, மொலாய் ஓய்வுபெற்ற மறு வருடம்.

பணம் வந்தவுடன் வெற்றி வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023 ஆறு நாடுகள் போட்டியில் ஐந்து ஆட்டமும் தோல்வி, கடைசி இடம். புதுப் பயிற்சியாளர் ஸ்காட் பெமாண்ட் வந்தார், இளம் வீராங்கனைகள் ஒரே இடத்தில் தினமும் பயிற்சி எடுத்தார்கள். 2024இல் மூன்றாவது இடம். அந்த செப்டம்பரில் வான்கூவரில் நியூசிலாந்தை 29-27 என்று மறுபடி வென்றார்கள். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய எரின் கிங் கடைசி நேரத்தில் டிரை போட, கன்வர்ஷன் வெற்றியைத் தந்தது. அவரும் ஃபிளாங்கர்தான். 2025 உலகக் கோப்பையில் காலிறுதி வரை போய், பிரான்சிடம் 18-13 என்று தோற்றார்கள்.

ஒப்பந்தத்தின் விவரத்தைப் பார்த்தால் மொலாய் மாதிரி ஒருவருக்கு அது எவ்வளவு உதவியிருக்கும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. 2022இல் அதிகபட்சத் தொகை வருடத்துக்கு 30,000 யூரோவாக இருந்தது. டப்ளினுக்கு வந்து தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. கல்லூரி முடித்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அது தாராளம் இல்லையென்றாலும் ஒரு தொடக்கம். முப்பதை நெருங்கும், சிறப்பு மருத்துவப் பயிற்சியின் நடுவில் இருக்கும் டாக்டருக்கு அது வேறு கதை. வருமானம் குறையும், வேறு நாட்டிலிருந்து குடிமாற வேண்டும், பயிற்சி இடத்தை நிறுத்திவைக்க அனுமதி வாங்க வேண்டும், முழங்கால் போனால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. இங்கிலாந்து கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்த சிலர் இதே காரணத்தால் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள். சங்கம் அறிவித்தது 43 ஒப்பந்தங்கள்; முதல் சுற்றில் கையெழுத்திட்டவர்கள் 29 பேர்.